அம்பு ஒட்டிய கமாக்கள்

மன்னிப்பது பெரிய மனசு என்று எங்கள் சபையில் ஞாயிறுதோறும் சொல்வார்கள். நானும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தலையாட்டிவிட்டு வருவேன். ஆனால் ஒரே ஒரு ஆளை மட்டும் இன்றுவரை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. திருப்பூரில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த மெட்ரிக் பள்ளியின் பிரின்சிபால் அம்மாள்தான் அந்த ஆள். அவருக்கு நேர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு குளிர்கிறது. இத்தனைக்கும் நான் ஒன்றும் செய்யவில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு சில வருடங்களில் நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்தோம். என் வீட்டுக்காரர் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். நான் பி.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் முடித்திருந்ததால் இந்தப் பள்ளியில் எடுத்துக்கொண்டார்கள். அங்கே ஐந்தாம் வகுப்பில் இரண்டு பிரிவு. கம்பெனி வைத்திருப்பவர்களின் பிள்ளைகள் ஏ. கம்பெனியில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் பி. இப்படி ஒரு விதி எங்கும் எழுதப்படவில்லை, ஆனால் ஒருவரும் தவறியும் மாறி உட்கார்ந்ததில்லை.

முதல் நாளே பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, "ஏனுங்க மிஸ், உங்களுக்கு பி செக்‌ஷன்தானுங்க சரியா வரும். பாதிப் பேரு உங்க பக்கத்துப் புள்ளைங்க. நீங்க பேசறது அவங்களுக்குத்தானுங்க வெளங்கும்" என்றார்.

இந்த ஊரில் திட்டுவதென்றாலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. மரியாதையாகப் பேசுகிறாரே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வெளியே வந்தேன். ஒரு வாரம் கழித்துத்தான் புத்தியில் உறைத்தது. அதற்குள் ஆசிரியைகள் அறையில் நான் ‘சொல்லுதேன்’ என்று சொன்னால் போதும், "மிஸ் என்னமோ சொல்லுதாங்களாமுங்க, எல்லாரும் கேட்டுக்கங்க" என்று அவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் டிபன் பாக்ஸுக்குள் முகத்தை வைத்துச் சிரிப்பது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு சிரிப்பையும் நான் மனசுக்குள் பத்திரமாக முடிந்து வைத்தேன். எங்கள் வீட்டில் எல்லாருக்குமே முடிந்து வைக்கிற புத்தி உண்டு.

அந்த வருடம் பாடத்தில் அட்ஜெக்டிவ்களுக்கு நடுவில் கமா போடுகிற பகுதி வந்தது. ஒரு பொருளைப் பற்றி இரண்டு மூன்று குணங்களைச் சொன்னால் நடுவில் கமா. ‘எ சாஃப்ட், க்ளீன் டவல்.’ ஐந்து நிமிடத்தில் முடிகிற விஷயம் என்று நினைத்தேன். என் பிள்ளைகளோ குணங்களை மூச்சு விடாமல் கோத்துக்கொண்டே போனார்கள். கமா எங்கே என்று கேட்டால், திருநீறு தூவுவது மாதிரி வாக்கியம் முழுக்கத் தூவினார்கள். சிலர் வரிக்கு அடியில் தலைப்பிரட்டை மாதிரி ஒன்றை வரைந்துவிட்டு, அது எந்தச் சொல்லுக்குச் சொந்தம் என்று அவர்களுக்கே தெரியாமல் என்னைப் பார்த்தார்கள். கைதட்டச் சொன்னேன், கால் தட்டச் சொன்னேன், ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு சாயங்காலம் என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தார். வாசலிலேயே அவரை நிறுத்தி முதுகைப் பார்ப்பது என் வழக்கம். ஏனென்றால் அவர் சட்டையில் எப்போதும் நாலைந்து சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள் ஒட்டியிருக்கும். செக்கிங்கில் பனியனை விரித்துப் பார்ப்பார்கள். ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, தையல் விட்ட இடமோ தெரிந்தால் அதைக் காட்டுகிற மாதிரி ஒரு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். அம்பு எதைக் காட்டுகிறதோ அது டேமேஜ். டெய்லர் அதைச் சரிசெய்த பிறகு ஸ்டிக்கரை உரித்துவிடுவார்கள். உரித்ததைக் கீழே போட்டால் அடுத்த பீஸில் போய் ஒட்டிக்கொள்ளும் என்பதால், கைக்கு எட்டிய துணியில், தன் சட்டையிலோ பக்கத்தில் நிற்பவர் முந்தானையிலோ ஒட்டிவிட்டு வேலையைத் தொடர்வார்கள். அதனால் கம்பெனி கேட்டில் ஒரு பழக்கம் உண்டு. வெளியே போகும்போது முன்னால் போகிறவர் முதுகில் ஸ்டிக்கரைக் கண்டால், கண்டவர் எடுத்துவிட வேண்டும். சண்டைக்காரர்களாக இருந்தாலும் எடுத்துவிடுவார்களாம்.

அன்று அவர் முதுகிலிருந்து ஒன்றை எடுத்து விரல் நுனியில் வைத்துப் பார்த்தேன். இதைவிடப் பொருத்தமான கமா எங்கே கிடைக்கும்? "ஏங்க, மிச்சம் மீதி ஸ்டிக்கர் தாள் இருந்தா கேட்டு வாங்கிட்டு வாங்க" என்றேன்.

சார்ட் அட்டைகளில் பெரிய எழுத்தில் வாக்கியங்கள் எழுதினேன். கமா வரவேண்டிய இடத்தில் அம்பை ஒட்டுங்கள் என்று ஆளுக்குச் சில ஸ்டிக்கர்கள் கொடுத்தேன். ஒருவரும் கையை அசைக்கவில்லை. முதல் பெஞ்சில் இருந்த இரட்டைச் சடைக்காரி எழுந்து, "மிஸ், இது டேமேஜுங்க மிஸ்" என்றாள். அவள் அம்மா செக்கிங்கில் இருப்பவள். நல்ல வாக்கியத்தில் எதற்கு டேமேஜ் ஒட்டச் சொல்கிறேன் என்று அந்தப் பிள்ளைக்கு என்மேல் வருத்தம்.

"துணியில ஒட்டுனா டேமேஜ். நம்ம கிளாஸ்ல ஒட்டுனா அது மூச்சு விடுத இடம்" என்றேன். "ரெண்டு சொல்லுக்கு நடுவுல ‘அண்ட்’ போட்டுப் பாருங்க. பொருந்துச்சுன்னா அம்ப ஒட்டுங்க. பொருந்தலன்னா விட்டுருங்க."

அதற்கப்புறம் அவர்களைப் பிடிக்க முடியவில்லை. குறை கண்டுபிடிக்கிற வீட்டில் பிறந்த கைகள் அல்லவா? அம்மாவைப் பற்றி எழுதச் சொன்னால் ‘டயர்ட், ஸ்லீப்பி, ஆங்ரி மதர்’ என்று எழுதி, சரியான இடத்தில் அம்பை அழுத்தி ஒட்டினார்கள். நொய்யல் ஆற்றைப் பற்றி எழுதச் சொன்னேன். சாயப்பட்டறைக்காரர்கள் அன்று என்ன நிறத்தைத் திறந்துவிட்டார்கள் என்று ஒரு சண்டை நடந்து, கடைசியில் இரட்டைச் சடைக்காரி ‘டர்ட்டி, ஸ்மெல்லி ரிவர்’ என்று முடித்துவைத்தாள். சில வாரத்தில் ஸ்டிக்கர் இல்லாமலே நோட்டில் கமாக்கள் ஒழுங்காக உட்கார்ந்தன.

ஒரே ஒரு முறைதான் கோளாறு நடந்தது. அட்டைகளெல்லாம் அம்போடு நிற்கும்போது, நான் பேச்சுவாக்கில், "நாளைக்கு இன்ஸ்பெக்ஷன் வாராங்க, நகம் வெட்டிட்டு வாங்க" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை. மொத்த வகுப்பும் எழுந்து, கண்ணிமைக்கிற நேரத்தில் எல்லா ஸ்டிக்கரையும் உரித்துவிட்டது. அட்டைகள் மொட்டையாக நின்றன. ஏன் என்று கேட்டால் என்னை விநோதமாகப் பார்த்தார்கள். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையரின் ஆள் ஃபைனல் இன்ஸ்பெக்ஷனுக்கு வரும்போது பீஸில், மேஜையில், தரையில், எங்கேயும் ஒரு ஸ்டிக்கர் கண்ணில் படக் கூடாது. பட்டால் சரக்கு முழுக்க டேமேஜ் என்று நினைத்துத் திருப்பிவிடுவார். பிசிறு வெட்ட அம்மாக்கள் வீட்டுக்கு எடுத்துவரும் பண்டல்களில் ஸ்டிக்கர் உரிப்பது இந்தப் பிள்ளைகளின் வேலை. இன்ஸ்பெக்ஷன் என்ற சொல் காதில் விழுந்தால் மூளையைக் கேட்காமலே அவர்கள் விரல் வேலை செய்யும். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அன்றிலிருந்து அந்தச் சொல்லை என் வகுப்பில் உச்சரித்ததில்லை.

அரைப்பரீட்சையில் கமாக் கேள்வியில் பி பிரிவு ஏ பிரிவைத் தூக்கிச் சாப்பிட்டது. பிரின்சிபாலுக்கு அது எப்படி என்று தாங்கவில்லை. என் வகுப்பில் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். மறுவாரம் பள்ளி முழுக்க ஒரு சுற்றறிக்கை போனது. பிரின்சிபால் மேடம் சொந்தமாகக் கண்டுபிடித்த ‘ஆரோ மெத்தட்’ செயல்விளக்கம், பல்லடம், தாராபுரம் வட்டாரப் பள்ளி முதல்வர்கள் பார்வையிடுகிறார்கள் என்று. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். உடைத்தவர் என் கண்முன்னாலேயே தேங்காய் தன் தோப்பில் காய்த்தது என்று சொன்னதை அப்போதுதான் பார்த்தேன். உடம்பெல்லாம் எரிந்தது.

செயல்விளக்கத்துக்கு முந்தின நாள் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு முழுக்க விளக்கச் சொன்னார். விளக்கினேன். ‘அண்ட்’ சோதனை, அட்டை, எல்லாம் சொன்னேன். கடைசியாக, "மேடம், ஒரு விஷயம் மட்டும் கவனமா இருக்கணும்..." என்று அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் நான் பாத்துக்கறனுங்க மிஸ். நாளைக்கு நீங்க ஹால் பக்கம் வர வேண்டாமுங்க. பெரிய பெரிய பள்ளிக்கூடத்துக்காரங்க வர்றாங்க. நீங்க பேசறதக் கேட்டா நம்ம ஸ்கூல் இங்கிலீஷ் மேலயே சந்தேகம் வந்துருமுங்க. எல்கேஜி ஆயா லீவுங்க, நீங்க போயி அந்தக் கொழந்தைகளப் பாத்துக்கங்க. வர்ற வருசமும் அங்கியே இருந்துக்கலாமுங்க. பி செக்‌ஷன நானே எடுத்துக்கறேன்."

என் வகுப்பு. அந்தப் பிள்ளைகளை ஒரு வரி எழுத வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதைப் பிடுங்கிக்கொண்டு, மூக்கு துடைக்க என்னை அனுப்புகிறார், அதுவும் ‘ங்க’ போட்டு.

"வேற ஏதாச்சும் நான் தெரிஞ்சுக்கோணுமுங்களா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல மேடம்" என்றேன்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சாந்த சொரூபி. "விடு, கர்த்தர் பாத்துக்கிடுவாரு" என்றார்.

"அவருக்கு ஆயிரம் சோலி இருக்கும். இத நானே பாத்துக்கிடுதேன்" என்றேன். பிரின்சிபால் பிள்ளைகளை அடித்துவிடுவாரோ என்று மட்டும் ஒரு யோசனை வந்தது. வெளியூர்க்காரர்கள் முன்னால் அடிக்க மாட்டார், பிறகு அடித்தால் குறுக்கே நான் நிற்பேன் என்று முடிவு செய்துகொண்டு நன்றாகச் சாப்பிட்டேன். ஆனால் அவர் அந்தச் சொல்லைச் சொல்லாமலே போய்விட்டால்? அப்படிப் போனால் என் வகுப்பு போனது போனதுதான். அதற்கு மட்டும் ஜெபம் பண்ணினேன். என்ன மாதிரி ஜெபம் அது என்று யாரும் என்னிடம் கேட்க வேண்டாம்.

மறுநாள் எல்கேஜி அறை ஜன்னலில் நின்றேன். எதிரே விளையாட்டுத் திடலைத் தாண்டினால் ஹால், கதவெல்லாம் திறந்திருந்தது. அட்டைகளைக் கயிற்றில் கிளிப் போட்டு வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு அட்டைக்கும் பக்கத்தில் என் பிள்ளை ஒன்று, ஸ்டிக்கர்கள் ஒட்டி முடித்து விறைப்பாக நின்றது. பிரின்சிபால் பச்சை சில்க் காட்டன் புடவையில் வரிசைக்கு முன்னால், வாசலைப் பார்த்தபடி நின்றார். வெளியே கார்கள் வந்து நின்றன. பள்ளித் தாளாளர் இறங்கினார். அவர் சொந்தமாகப் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். அவர் பின்னால் வெளியூர் முதல்வர்கள் இறங்கினார்கள்.

பிள்ளைகள் கொஞ்சம் சலசலத்தன. பிரின்சிபால் திரும்பாமலே, கையில் இருந்த மைக்கில், "சைலன்ஸ்! இன்ஸ்பெக்ஷன் வர்றாங்க!" என்றார்.

நுணலும் தன் வாயால் கெடும். என் இடுப்பில் இருந்த குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவர் முதுகுக்குப் பின்னால் அத்தனை கைகளும் ஒரே சமயத்தில் எழுந்தன. சத்தமே இல்லை. விருந்தாளிகள் படியேறுவதற்குள் கயிற்றில் ஒரு அம்பு மிச்சமில்லை. பிள்ளைகள் முன்போலவே விறைப்பாக நின்றன. பிரின்சிபால் முகம் நிறையச் சிரிப்போடு எல்லாரையும் வரவேற்றார். தான் எத்தனை யோசித்து இந்த முறையைக் கண்டுபிடித்தேன் என்று ஆங்கிலத்தில் வெகுநேரம் பேசினார். பிறகு, கமாக்கள் எவ்வளவு அழகாக உட்கார்ந்திருக்கின்றன என்று நீங்களே பாருங்கள் என்று சொல்லி, கையை நீட்டித் திரும்பினார்.

நீட்டிய கை அப்படியே நின்றது. அந்த முகத்தை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். உடம்பு சரியில்லாத நாட்களில் நினைத்தால் மாத்திரை வேண்டாம்.

"எங்கீங்க கமா?" என்றார் ஒரு முதல்வர். மைக்கை அணைக்காததால் எல்லாம் எனக்குக் கேட்டது. பிரின்சிபால் இரட்டைச் சடைக்காரியைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். தாளாளர் முன்னால் வந்து, "ஏங்கண்ணு, யாரு உரிக்கச் சொன்னது?" என்று கேட்டார்.

"பிரின்சிபால் மேம்தானுங்க சார். இன்ஸ்பெக்ஷன் வர்றாங்கன்னாங்க. இன்ஸ்பெக்ஷன் வந்தா ஒரு ஸ்டிக்கர் கூட இருக்கப்படாதுங்களே."

"அப்பிடீன்னு யாரு சொன்னது?"

"நீங்கதானுங்க சார். எங்கம்மா உங்க கம்பெனில செக்கிங்குங்க."

தாளாளர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்த சிரிப்பு மைக் இல்லாமலே எல்கேஜி வரை கேட்டது. "அட, நம்ம செக்கிங் பொம்பளைக தோத்தாங்க போங்க!" என்றார். வந்தவர்களில் பாதிப் பேருக்குக் கம்பெனிப் பழக்கம் உண்டு, அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பிரின்சிபாலும் சிரிக்க வேண்டியதாயிற்று. உதடு மட்டும்தான் சிரித்தது.

"சரிங்கண்ணு, இந்த ஸ்டிக்கர் பாடத்தை உங்களுக்கு யாரு நடத்துனது?" என்று தாளாளர் கேட்டார். பிரின்சிபால் வாயைத் திறந்தார். அதற்குள், "எங்க மிஸ்ஸுங்க!" என்று ஹால் அதிர்ந்தது. அத்தனை தலையும் என் ஜன்னலைப் பார்த்துத் திரும்பியது.

கூப்பிட்டு அனுப்பினார்கள். இடுப்பில் இருந்த குழந்தையை நான் இறக்கி விடவில்லை. அது என் தோளில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது. எங்கே என்னை உட்கார வைத்திருந்தார்கள் என்று எல்லாரும் பார்க்கட்டும் என்றே அப்படிப் போனேன். "நீங்களே நடத்துங்க மிஸ்" என்றார் தாளாளர்.

"எல்லாரும் ஸ்டிக்கரத் திருப்பி எடுங்க" என்றேன். "நான் சொல்லுதேன், நீங்க ஒட்டுங்க." ‘சொல்லுதேன்’ என்பதைக் கொஞ்சம் நிறுத்தி, அழுத்தியே சொன்னேன்.

சட்டைப் பையிலிருந்தும், கைமடிப்பிலிருந்தும், டை நுனியிலிருந்தும் அம்புகள் வந்தன. அட்டைகள் மறுபடி சிவந்தன. தாராபுரத்து முதல்வர் ஒருவர் மடக்கிப் பார்த்தார். ‘எ பிக் பனியன் கம்பெனி’ என்ற அட்டையைக் காட்டி, இதில் ஏன் அம்பு இல்லை என்றார். அதன் பக்கத்தில் நின்ற பையன், "பிக் அண்ட் பனியன்னு வராதுங்க சார்" என்று சொல்லிவிட்டு, இதுகூடத் தெரியாதா என்பதுபோல் என்னைப் பார்த்தான். அவர் கைதட்டினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

இரட்டைச் சடைக்காரி மட்டும் தன் அட்டை முன்னால் திகைத்து நின்றாள். ‘டர்ட்டி’க்கும் ‘ஸ்மெல்லி ரிவரு’க்கும் நடுவில் இடம் காலியாக இருந்தது. பையைத் தடவினாள், குனிந்து தரையைப் பார்த்தாள். பிறகு அவள் கண் ஓரிடத்தில் போய் நின்றது. நானும் பார்த்தேன். பிரின்சிபாலின் முதுகில், பச்சைப் புடவையில், பளிச்சென்று ஒரு சிவப்பு அம்பு. உரித்த அவசரத்தில், பழக்க தோஷத்தில், கைக்கு எட்டிய துணியில் ஒட்டியிருக்கிறாள். அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

"பரவால்ல, அந்த எடத்துல ஸ்கெட்ச் பேனாவால கமா போட்டுரு" என்றேன்.

தாளாளர் கிளம்பும்போது பிரின்சிபாலிடம், "இந்த மிஸ் பி செக்‌ஷன்லயே இருக்கட்டுமுங்க" என்றார். "நானும் அப்பிடித்தானுங்க சார் நெனச்சிருந்தேன்" என்றார் அவர். பொய்யைக்கூட எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

விருந்தாளிகளை வழியனுப்பிவிட்டு வந்தவர், கேட்டருகே என்னிடம் நின்றார். அவர் அப்படியே ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போகிறார் என்று காலையிலிருந்தே பள்ளிக்கூடத்துக்கே தெரியும். "நல்லாப் பண்ணீங்க மிஸ்" என்றார். குரலில் சர்க்கரை, கண்ணில் நெருப்பு. "எங்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்க."

"சொல்லத்தான் வந்தேன் மேடம். நீங்கதான் பாத்துக்கறேன்னீங்க" என்றேன்.

அவர் திரும்பி நடந்தார். அம்பு முதுகின் நடுவில் அசையாமல் ஒட்டியிருந்தது, நுனி மேல்நோக்கி அவர் கொண்டையைக் காட்டியது. கண்டவர் எடுத்துவிட வேண்டும் என்பது கம்பெனி கேட்டின் பழக்கம். நான் கண்டேன், கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றேன். அம்பு சரியான இடத்தைத்தான் காட்டியது என்பதால், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு என் வகுப்புக்குத் திரும்பிப் போனேன்.